அளக்காமல் வாங்கிய கூழ்

மலைமேல் இருக்கிற தேவனூர் நாட்டில் முனியாயி மகன் சுப்பையன் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள். அட்டைக் கம்பெனியில் கூழ் விடுகிற சுப்பையன் என்று கேட்டால் ஒருவனைத்தான் காட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தவன் அவன்.

இந்த முனியாயிக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் ஏணி வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி கண்ணாயி கையில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பூங்குழலி. அவளுக்குப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன் இளங்கோ. மாமன் மகள் என்ற முறையில் பூங்குழலியைச் சுப்பையன் கட்டினான். கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துவரும்போது எட்டு வயசு இளங்கோவும் ஒரு மஞ்சள் பையோடு பின்னாலேயே கிளம்பிவிட்டான். "அக்காளைத்தானடா குடுத்தாங்க, நீ எதுக்கு வார?" என்று யாரோ கேலி செய்ததற்கு, "மாமா சைக்கிள் வெச்சிருக்காருங்க" என்றானாம். அன்று முதல் அவன் பாதி நாள் அக்கா வீட்டில்தான் வளர்ந்தான். அவனை ஐ.டி.ஐ.யில் கொண்டுபோய்ச் சேர்த்ததும், பிறகு கம்பெனி கேட்டுக்குள் தோளில் கைபோட்டு அழைத்துப்போனதும் சுப்பையன்தான்.

அந்த வகையறாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. தை மாசம் அறுப்பெல்லாம் முடிந்ததும் பெண்ணைக் கொடுத்த வீடு மருமகனுக்குச் சாமை கொடுத்தனுப்பும். பன்னிரண்டு வள்ளம் என்று வாயால் சொல்லி மூட்டையைக் கட்டித் தருவார்கள். வாங்குகிறவன் அளக்கிற வள்ளத்தைத் தொடக்கூடாது. தொட்டு அளந்தால் உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. முனியாயியின் பெரியப்பன் ஒருவர் ஏதோ கோபத்தில் ஒரு தடவை அளந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் இரண்டு தலைமுறை நல்லது கெட்டது கிடையாது. சுப்பையன் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன். மாமனார் வீட்டு மூட்டையை வாங்கினால் தூக்கித் தோளில் வைப்பானே தவிர எடை எப்படி என்றுகூட மனசுக்குள் நினைக்கமாட்டான்.

கம்பெனி மலைக்குக் கீழே, சேந்தமங்கலம் போகிற ரோட்டில் இருக்கிறது. பழைய காகிதத்தைக் கரைத்துக் கூழாக்கி, மருந்துப் பெட்டிக்கும் சோப்புப் பெட்டிக்கும் அட்டை செய்கிறார்கள். கரைத்துச் சுத்தம் செய்த கூழ் கடைசியாக வந்து நிற்கிற பெரிய தொட்டிக்கு செஸ்ட் என்று பெயர். அங்கிருந்து ஒரு பம்பு அதை மாடி உயரத்தில் இருக்கிற சின்னப் பெட்டிக்கு ஏற்றும். அந்தப் பெட்டி எந்நேரமும் வழிந்துகொண்டே இருக்கவேண்டும். வழிவது செஸ்டுக்கே திரும்பிவிடும். வழிகிற வரைக்கும் பெட்டியில் மட்டம் மாறாது. மட்டம் மாறாத வரைக்கும் கீழே இறங்குகிற வேகமும் மாறாது. கீழே ஒரு வால்வு. அதை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் அட்டையின் எடை. வால்வைத் தாண்டிய கூழில் ஏகப்பட்ட தண்ணீர் கலந்து, பெரிய பம்பு தள்ளிவிட, சல்லடைக்குள் நுழைந்து கசடு நீங்கி ஹெட்பாக்ஸுக்கு வரும். ஹெட்பாக்ஸ்தான் மிஷினுக்கு வாய். பத்தடி அகலத்துக்கு விரல் நுழையாத ஒரு இடுக்கு. அதன் வழியே கூழ் ஒரே சீராகப் பாய்ந்து, ஓடிக்கொண்டிருக்கிற வலைமேல் விழும். வலையில் தண்ணீர் வடிந்தால் அட்டை.

பெட்டி ஏன் வழியவேண்டும் என்று புதிதாய் வருகிறவர்களுக்குப் புரியவே ஒரு மாசம் ஆகும். கூழ் வீணாகிறதென்று வழிவதை நிறுத்திய புண்ணியவான்களும் உண்டு. சுப்பையனுக்கு முதல் நாளே புரிந்துபோனது. மலையில் அவர்கள் காட்டுக்குச் சுனைத் தண்ணீர் வருகிற தொட்டியும் அப்படித்தான், மேல் விளிம்பில் வழிந்தால்தான் கீழ்க் குழாயில் சீராக விழும்.

வால்வு சரியாக இருந்து என்ன, செஸ்டில் இருக்கிற கூழ் கெட்டியாக இருக்கவேண்டுமே. நூற்றுக்கு மூன்றரை பங்கு நார், மிச்சம் தண்ணீர், அதுதான் கணக்கு. அதைக் காட்ட ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் கோந்தும் அப்பிக்கொண்டு அது எந்த நாளும் மூன்றரை என்றே காட்டும். ஆகவே ஷிஃப்ட் மாறும்போது வருகிறவன் செஸ்டில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழியவேண்டும். பிழிந்தபின் கையில் நிற்கிற உருண்டை எலுமிச்சங்காய் அளவு இருந்தால் மூன்றரை. நெல்லிக்காய் அளவுக்கு இறங்கினால் தண்ணீர். பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதிலிருந்து அது அவன் கூழ். சுப்பையன் பிழிந்து சொன்னால் லேப்பில் காயவைத்து எடை பார்க்கிறவர்கள்கூட மறுபடி பார்ப்பதில்லை.

ஆறு வருஷம் சுப்பையனுக்குக் கீழே வேலை பார்த்த இளங்கோவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனி ஷிஃப்ட் கொடுத்தார்கள். ஒரு வாரம் அவன் சுப்பையனிடம் ஒப்படைப்பான், ஒரு வாரம் இன்னொரு ஷிஃப்ட் பார்க்கிற குப்புசாமியிடம். முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுப்பையன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு செஸ்ட் ஓரம் போனான். நோட்டை விரித்துப் பிடித்தபடி இளங்கோ நின்றிருந்தான்.

"மூணரைங்க மாமா" என்றான்.

சுப்பையன் கை பாதியில் நின்றது. ஏற்றிவிட்ட சட்டையை இறக்கிவிட்டு, நனையாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பிறகு எந்த நாளும் அவனிடம் அப்படித்தான் வாங்கினான். இதை அவன் யோசித்துச் செய்யவில்லை. மாமனார் வீட்டு மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது.

போன ஆடியில் தொந்தரவு ஆரம்பித்தது. சுப்பையன் மிஷினைக் கையில் எடுத்து இருபது நிமிஷம் ஆனதும் அட்டையின் எடை இறங்கும். வால்வைத் திறப்பான். இன்னும் இறங்கும். முழுக்கத் திறப்பான். ஈரம் தாங்காமல் அட்டை அறுந்து போகும். மிஷினை நிறுத்தி, ஒட்டி, மெதுவாக ஓட்டி நிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நோட்டீஸ் போர்டில் ஷிஃப்ட் வாரியாக எத்தனை டன் என்று எழுதிப்போடுவார்கள். இளங்கோ பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது. சுப்பையன் பெயர் கடைசிக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கார்த்திகையில் மருந்துப் பெட்டி செய்கிறவர்கள் ஒரு ரோலைத் திருப்பி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் அருணாசலம் சுப்பையனைக் கூப்பிட்டார்.

"உன் ஷிஃப்டுல மட்டும் ஏன் சுப்பையா? இளங்கோ ஓட்டறான், குப்புசாமி ஓட்டறான்."

"பாத்துக்கறனுங்க சார்."

"இதையேதான் போன மாசமும் சொன்ன. இன்னொரு ரோல் திரும்பி வந்துதுன்னா ஹெட்பாக்ஸ் பக்கம் நீ நிக்கவேண்டாம். பல்பருக்குப் போயிரு."

பல்பர் என்பது காகிதக் கட்டைத் தூக்கிப் போட்டுக் கரைக்கிற இடம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் சுப்பையன் அங்கேதான் நின்றான்.

அவன் பார்க்காத இடமில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தான். பம்பின் விசிறியைப் பார்த்தான். சல்லடையை இரண்டு தடவை கழுவினான். லீவு நாளில் வந்து ஹெட்பாக்ஸுக்குள் குனிந்து நுழைந்து, சுவரில் வழவழப்பாக ஒட்டியிருந்ததைத் துணியால் தேய்த்து எடுத்தான். மேலே ஏறிப் பெட்டி வழிகிறதா என்று பார்த்தான். வழிந்துகொண்டுதான் இருந்தது, கட்டிகட்டியாக விழவேண்டியது மோர் மாதிரி ஓடியது. பம்பில் எங்கோ தண்ணீர் இழுக்கிறதென்று நினைத்துக் குழாய் மூட்டுகளையெல்லாம் தடவிப் பார்த்தான். செஸ்டை மட்டும் பார்க்கவில்லை. செஸ்ட்தான் ஒப்படைத்து வாங்கியாகிவிட்டதே.

கடைசியில் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாமக்கல் போய்க் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டான். அதற்கும் எடை ஏறவில்லை. வேலை நாளில் தங்க அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு வாடகை வீடு உண்டு. இளங்கோ வாரத்தில் நாலு வேளை அங்கேதான் சாப்பிடுவான். ஒரு நாள் அக்கா போட்ட களியைக் குழம்பில் தொட்டுக்கொண்டே சொன்னான்.

"எல்லாருக்கும் வாறதுதானுங்க மாமா. வயசாச்சு. கொஞ்ச நாளைக்கு லீவு போடுங்க. ஹெட்பாக்ஸை நான் பாத்துக்கறேன்."

"நாப்பத்தேழு ஒரு வயசாடா?" என்றாள் பூங்குழலி.

"மிஷினுக்கு அது தெரியாதுல்லக்கா" என்று சிரித்தான்.

சுப்பையனும் சிரித்தான். பையன் அக்கறையாகத்தான் சொல்கிறான் என்று நினைத்தான். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றபோது குப்புசாமி வந்தார். அடிவாரத்துக்காரர், சுப்பையனுக்கு நாலைந்து வயசு மூத்தவர், வாயில் எந்நேரமும் குசும்பு.

"கண்ணாடி வேற போட்டுக்கிட்டயா. பொண்ணு பாக்கப் போறவனாட்டம் இருக்கற."

"எடை நிக்க மாட்டேங்குதுங்க. கண்ணுதானோன்னு பாத்தேன்."

குப்புசாமி அவன் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றார். குசும்பு போய்விட்டது.

"உம்பட மச்சினங்கிட்ட நீ கை வெச்சுப் பாத்துத்தான வாங்கற?"

சுப்பையன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தான்.

"அட, நெசமாலுமே உனக்குத் தெரியாதா? ஆடியில மொத நாளு எனக்கும் தண்ணியத்தான் குடுத்தான். கை வெச்சேன், நெல்லிக்கா கூட நிக்கல. இன்னொரு தடவ இப்படிக் குடுத்தீன்னா உன்னையத் தூக்கி உள்ள போட்டுருவேன்னேன். அன்னைல இருந்து எனக்குக் குடுக்கற கூழு களியாட்டம் இருக்குது."

"எனக்கு?"

"நீ வாங்கற வாரமெல்லாம் ஒண்ணரை மணிக்குத் தண்ணி வால்வு தொறக்குதுன்னு பல்பர்ல நிக்கறவங்க அத்தன பேருக்கும் தெரியும் சுப்பையா. கெட்டிக் கூழையெல்லாம் அவனே இழுத்து ஓட்டி டன்னு காட்டிக்கிறான். தொட்டி கொறஞ்சுபோகுதல்ல, வலையில வடிஞ்ச தண்ணிய உட்டு மட்டத்த ஏத்தி வெச்சுட்டுப் போறான். நாங்க என்ன நெனச்சோம்னா, மச்சினன் பேரு மேல வரட்டும்னு நீயே தெரிஞ்சு உட்டுக் குடுக்கறயாக்கும்னு."

பஸ் வந்தது. குப்புசாமி, "ஏறலியா?" என்றார். சுப்பையன் ஏறவில்லை. பஸ் போனபிறகும் அதே இடத்தில் நின்றான். அவனுக்கு உறைத்தது தண்ணீர் ஊற்றியதல்ல. எல்லாருக்கும் ஊற்றியிருந்தால் பையன் வேலை தெரியாதவன் என்று அடித்துத் திருத்தியிருப்பான். கை வைத்துப் பார்க்கிறவனுக்கு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறான். கை வைக்காதவன் எவன் என்று தெரிந்து, அவனுக்கு மட்டும் தண்ணீரைக் கொடுத்திருக்கிறான். ஏன் கை வைக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவன்.

மறுநாள் திங்கட்கிழமை. இரண்டு மணிக்கு இளங்கோ நோட்டை விரித்தான்.

"மூணரைங்க மாமா."

சுப்பையன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். சட்டைக் கையை ஏற்றினான்.

"ஏனுங்க மாமா, கை வெக்கப் போறீங்களா?" இளங்கோ குரலில் பயத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது, நிஜமாகவே அவமானப்பட்டவன் மாதிரி. "எங்கிட்டயா?"

அந்த ஒரு வார்த்தைக்குச் சுப்பையன் இன்னும் கொஞ்சம் தயங்கினான் என்பதையும் சொல்லவேண்டும். பிறகு தோள் வரைக்கும் குனிந்து கையை விட்டான். அள்ளிப் பிழிந்தான். விரலிடுக்கில் எல்லாம் ஓடிவிட்டது. உள்ளங்கையில் நின்றது ஒரு கொட்டைப்பாக்கு.

"இது என்னடா மாப்ளே?"

இளங்கோ வேறு பக்கம் பார்த்தான்.

சுப்பையன் கையெழுத்துப் போடவில்லை. ஆள் அனுப்பி அருணாசலத்தை வரவழைத்தான். லேப்பில் பார்த்ததில் இரண்டேகால் வந்தது. மூன்று பேரும் ஆபீஸுக்குப் போனார்கள். அருணாசலம் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

"தண்ணி உட்டயா இளங்கோ?"

இளங்கோ தரையைப் பார்த்தபடி சொன்னான். "மாமா சொல்லித்தான் உட்டனுங்க சார். மட்டம் கொறஞ்சா தண்ணி உட்டு ஏத்தீரு, வால்வுல நான் சரி பண்ணிக்கிறேன்னு அவருதான் சொன்னாருங்க. பெரியவங்க சொன்னா நான் என்னங்க பண்ணறது?"

சுப்பையன் அவன் முகத்தைப் பார்த்தான். கல்யாணத்தன்று மஞ்சள் பையோடு வந்த முகம்தான், அதே சுழிதான் நெற்றியில்.

அருணாசலம் நோட்டை அவன் பக்கம் திருப்பினார். "இதெல்லாம் உன் கையெழுத்துத்தான?"

"ஆமாங்க."

"கை வெச்சுப் பாத்துப் போட்டதா?"

"இல்லீங்க."

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பாக்காம எதுக்குய்யா போட்ட?"

சுப்பையன் நோட்டிலிருந்து கண்ணை எடுத்தான். "பொண்ணு குடுத்த ஊடுங்க" என்றான். "அளந்து வாங்கறதில்லீங்க."

"இது என்ன சாமையா?" மலை வழக்கம் தெரிந்த அருணாசலம் கேலியாகத்தான் கேட்டார். பிறகு அவருக்கே கோபம் வந்தது. "ஒரே ஊட்டுக்காரங்க ரெண்டு பேரும் சேந்து நாடகம் ஆடறீங்க. டன்னு அவனுக்கு, நஷ்டம் கம்பெனிக்கு."

குப்புசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "எனக்குக் குடுத்தது சரியாத்தானுங்க இருந்துது" என்றார் அவர். ஆடியில் முதல் நாள் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கே ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்பார்கள். வெளியே வரும்போது சுப்பையன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

சின்னவன், பெரியவர் சொல்லிக் கெட்டவன் என்று இளங்கோவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. பார்க்காமல் அஞ்சு மாசம் கையெழுத்துப் போட்ட சுப்பையனைப் பல்பருக்கு மாற்றினார்கள். ஹெட்பாக்ஸைக் குப்புசாமியும் இளங்கோவும் பங்குபோட்டுப் பார்த்தார்கள்.

சுப்பையன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். பூங்குழலி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். முடிந்தபிறகு கேட்டாள்.

"உங்க கையாலயே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க மேலயா சொன்னான், நீங்க சொல்லித்தான்னு?"

"எனக்கு முன்னாலயே சொன்னான்."

அவள் எழுந்து அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். இளங்கோ அதன்பிறகு சாப்பிட வரவில்லை.

தை பிறந்தது. மலையில் அறுப்பு முடிந்து, சாமையை வாங்கிப்போகச் சொல்லிக் கண்ணாயி ஆள் விட்டிருந்தாள். கம்பெனியில் நடந்தது அவளுக்குப் பாதிதான் தெரியும். போகவேண்டாம் என்று சுப்பையன் நினைத்தான். பூங்குழலிதான், "எங்கம்மா என்ன பண்ணுச்சு?" என்று கிளப்பினாள்.

வாசலில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. இளங்கோவும் இருந்தான். மாட்டுக்கொட்டகைத் தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சாமி" என்று மருமகனுக்குத் தண்ணீர் கொடுத்த கண்ணாயி, வழக்கம்போல மூட்டைமேல் கை வைத்து, "பன்னெண்டு வள்ளம்" என்றாள்.

சுப்பையன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தான். மூட்டை வாயில் கை வைத்தபோது பூங்குழலி எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் வள்ளம் இருந்தது.

"புள்ளே" என்றான் சுப்பையன்.

அவள் காதில் வாங்கவில்லை. மூட்டைக் கட்டை அவிழ்த்தாள். பாயை விரித்து அள்ளி அள்ளிக் கொட்டி உரக்க எண்ணினாள். பக்கத்து வீட்டில் முறத்தோடு நின்றவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். இளங்கோ போனைச் சட்டைப் பையில் போட்டான். கண்ணாயி மட்டும் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கை யாருடையது என்று அடையாளம் தெரியாதவள் மாதிரி.

பன்னிரண்டு ஆனது. மூட்டையில் இன்னும் இருந்தது. பதிமூன்றாவது வள்ளமும் தலைதட்டி நிறைந்தது.

பூங்குழலி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"பதிமூணுதான் கண்ணு" என்றாள் கண்ணாயி. குரல் உயரவில்லை. "நீ கல்யாணமாகிப் போன வருஷத்துல இருந்தே பதிமூணுதான். அளக்காம வாங்கறாங்க, நம்பி வாங்கறாங்க, அதுக்கு ஒரு வள்ளம் சேத்திப் போடோணும்னு எம்பட மாமியா சொல்லுச்சு. வாங்கறவங்களுக்குச் சொல்றதில்ல. குடுக்கற ஊட்டுக்கு மட்டுந்தான் தெரியும்."

பூங்குழலி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "உனக்கு அம்மா இதச் சொல்லீருக்குதா?"

இளங்கோ தூணைவிட்டு நகரவில்லை. பொய் சொல்ல அவனுக்கு அங்கே யாரும் மிச்சமில்லை.

"சொல்லீருக்குது" என்றான். "போன தையில மூட்டை கட்டுனதே நாந்தான்."

கண்ணாயி மகனைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். பாதி தெரிந்தது முழுசாகத் தெரிந்துவிட்டது என்று சுப்பையனுக்குப் புரிந்தது.

"எனக்குத் தெரியாது சாமி" என்றாள்.

"தெரியுமுங்க அத்தே. உங்க மேல ஒண்ணும் இல்லீங்க."

"இருந்தாலும் அளந்தாச்சுங்களே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அதன்பிறகு வெளியே வரவில்லை.

பூங்குழலி பன்னிரண்டு வள்ளத்தை மூட்டையில் போட்டுக் கட்டினாள். மிச்சம் ஒரு வள்ளம் வாசலில் பாய்மேல் அப்படியே இருந்தது. இளங்கோ வந்து மூட்டையைத் தூக்கிவிடக் கையைக் கொடுத்தான். சுப்பையன் அந்தக் கை விலகும் வரைக்கும் காத்திருந்து, தானே முழங்காலில் ஏற்றி, பிறகு தோளில் ஏற்றினான்.

பஸ் வளைவு வளைவாக இறங்கியது. மூட்டை ஒவ்வொரு வளைவிலும் சரிந்து பூங்குழலி காலில் சாய்ந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள்.

"நீ அளந்திருக்கவேண்டாம்" என்றான் சுப்பையன்.

"நீங்க அளந்திருக்கோணும்" என்றாள் அவள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே."